அபிங்டன்: பயிற்சி முடியும் முன்பே போருக்குப் போனவர்கள்

[திரையில்: தென் இங்கிலாந்தின் வரைபடம், ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே அபிங்டன்]

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் மீது குண்டு வீசிய பிரிட்டிஷ் விமானங்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவற்றில் ஏறிப் பறந்த இளைஞர்கள் எங்கே ஒரு குழுவாக உருவாக்கப்பட்டார்கள் என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அபிங்டன் விமானத்தளத்தில் இயங்கிய 10ஆம் எண் செயல்முறைப் பயிற்சிப் பிரிவின் வரலாறு அதற்கு விடை சொல்கிறது. பயிற்சிப் பிரிவு என்றதும் போர்முனைக்கு வெகு தொலைவில் பத்திரமாக இருந்த ஒரு பள்ளி என்றே நினைக்கத் தோன்றும். இந்தப் பிரிவு அப்படி இருக்கவில்லை.

போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் படையான பாம்பர் கமாண்ட், ஸ்குவாட்ரன்கள் எனப்படும் தன் விமானப் படையணிகளில் சிலவற்றை முன்னணியிலிருந்து விலக்கி, புதியவர்களைத் தயார்செய்யும் வேலையில் அமர்த்தியது. அவற்றில் 97, 166 ஆகிய இரண்டு ஸ்குவாட்ரன்களையும் இணைத்து, 1940 ஏப்ரலில் இந்தப் பிரிவு தொடங்கப்பட்டது. இரண்டு என்ஜின்களும் ஐந்து பேர் கொண்ட குழுவும் உடைய விட்லி என்ற இரவு நேரக் குண்டுவீச்சு விமானமே இங்கு பயிற்சிக்குப் பயன்பட்டது. பிறகு அருகிலுள்ள ஸ்டான்டன் ஹார்கோர்ட் துணைத்தளமாகச் சேர்ந்தது.

[திரையில்: ஹேங்கர் எனப்படும் விமானக் கொட்டகை ஒன்றில் கூடியிருக்கும் விமானப்படையினர்]

விமானி, வழியைக் கணிக்கும் நேவிகேட்டர், வயர்லெஸ் இயக்குபவர், குண்டு வீசுபவர், துப்பாக்கி வீரர் ஆகியோர் தத்தம் தொழிலைத் தனித்தனிப் பள்ளிகளில் கற்றுவிட்டுத்தான் இத்தகைய பிரிவுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். போரின் நடு ஆண்டுகளில், அவர்கள் அனைவரையும் ஒரு ஹேங்கரில் கூட்டி, யார் யாரோடு பறப்பது என்பதை அவர்களே பேசி முடிவு செய்துகொள்ளும்படி விட்டுவிடுவது வழக்கமாயிற்று. எல்லாவற்றுக்கும் ஆணை பிறப்பிக்கும் ஒரு ராணுவ அமைப்பு, உயிரைப் பணயம் வைக்கும் இந்த ஒரு தேர்வை மட்டும் இருபது வயது இளைஞர்களின் கையில் கொடுத்தது வியப்பளிக்கிறது; ஆயினும் அப்படிச் சேர்ந்த குழுக்கள் பெரும்பாலும் கடைசிவரை பிரியாமல் இருந்தன.

அடுத்து வந்தவை இரவில் ஏறி இறங்கும் பயிற்சி, நீண்ட தூரம் வழி கணித்துப் பறத்தல், குண்டு வீசும் பயிற்சி ஆகியவை. பலர் கனடாவின் தெளிந்த வானத்தில், விளக்குகள் எரியும் ஊர்களுக்கு மேலே பறக்கக் கற்றவர்கள். இங்கிலாந்திலோ விளக்குகள் அணைக்கப்பட்ட நிலப்பரப்பும், தாழ்ந்த மேகமும், மூடுபனியும் அவர்களை எதிர்கொண்டன. முன்னணியில் உழைத்துத் தேய்ந்த பழைய விமானங்கள் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டதும் ஆபத்தைக் கூட்டியது. பாம்பர் கமாண்ட் இழந்த ஏறத்தாழ 55,500 பேரில் 8,000க்கும் மேற்பட்டோர் எதிரியின் தாக்குதலில் அல்லாமல், பயிற்சியிலும் பிற விபத்துகளிலும் இறந்தவர்கள். ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த பாட்லி கல்லறைத் தோட்டத்தில் சுற்றுவட்டாரத் தளங்களைச் சேர்ந்த விமானப்படையினர் பலர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

1942 மே 30 இரவில் ஜெர்மனியின் கொலோன் நகரைத் தாக்க ஆயிரம் விமானங்களைத் திரட்ட பாம்பர் கமாண்டின் தளபதி ஆர்தர் ஹாரிஸ் முடிவு செய்தார். முன்னணிப் படைகளிடம் அத்தனை விமானங்கள் இல்லாததால், பயிற்றுநர்களும் மாணவர்களும் அனுப்பப்பட்டார்கள். புறப்பட்ட 1,047 விமானங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை பயிற்சிப் பிரிவுகளுடையவை.

[திரையில்: கார்ன்வால் கடற்கரை, பிஸ்கே விரிகுடா]

அபிங்டன் பிரிவின் வரலாற்றில் மிகக் கடினமான காலம் அதற்குப் பிறகே வந்தது. பிரெஞ்சுத் துறைமுகங்களிலிருந்து அட்லாண்டிக்குக்குச் சென்ற ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் பிஸ்கே விரிகுடாவைக் கடந்தாக வேண்டும். அங்கே ரோந்து செல்லக் கடலோரப் படையிடம் போதிய விமானங்கள் இல்லை. எனவே 1942 ஆகஸ்டில் பிரிவின் ஒரு பகுதி கார்ன்வாலிலுள்ள செயின்ட் இவல் தளத்துக்கு மாற்றப்பட்டது. பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருந்த குழுக்கள் வேகம் குறைந்த விட்லிகளில், எதிரியின் போர் விமானங்கள் திரியும் கடற்பரப்பின் மேல் பல மணி நேரம் பறந்தன.

1943 ஜூன் 13 அன்று சண்டர்லேண்ட் என்ற பிரிட்டிஷ் கடல் ரோந்து விமானம் ஒன்று யு-564 என்ற நீர்மூழ்கியைத் தாக்கிச் சேதப்படுத்தியது. மறுநாள், மற்றொரு நீர்மூழ்கியின் துணையோடு திரும்பிக்கொண்டிருந்த அதனை, ஆஸ்திரேலிய விமானி ஒருவர் ஓட்டிய அபிங்டன் பிரிவின் விட்லி கண்டுபிடித்து மூழ்கடித்தது. நீர்மூழ்கியில் இருந்தவர்களில் 28 பேர் இறந்தார்கள். நீர்மூழ்கியிலிருந்து சுடப்பட்டுச் சேதமடைந்த விட்லியும் கடலில் இறங்க நேர்ந்தது. அதன் குழுவினரைப் பிரெஞ்சு மீன்பிடிப் படகு ஒன்று காப்பாற்றியது, பின்னர் அவர்கள் போர்க்கைதிகளானார்கள். முழுத் தகுதி பெற்ற ஸ்குவாட்ரன் எதிலும் இன்னும் சேர்ந்திராத ஒரு குழுவின் சாதனை இது என்பதை அழுத்திச் சொல்லவே விரும்புகிறேன்.

1943 ஜூலையில் அந்தப் பணி முடிவதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட விட்லிகள் இழக்கப்பட்டிருந்தன. 1944இல் வெலிங்டன் விமானங்கள் விட்லிகளின் இடத்தைப் பிடித்தன. போர் முடிந்த பின் 1946இல் பிரிவு கலைக்கப்பட்டது. மொத்தம் 1,814 விட்லிகள் தயாரிக்கப்பட்டன. அவற்றில் ஒன்றுகூட இன்று முழுமையாக எஞ்சியிருக்கவில்லை.