அமெரிக்கப் பிடிகள் வேண்டாம் என்ற நால்வர்: குவார்தேத்தோ நோவோ, 1967

[திரையில்: 1960-களின் சாவோ பாவ்லோ, இரவு]

சம்பாவும் ஜாஸும் கலந்த பிரேசிலின் மென்மையான இசையான போசா நோவா கொடிகட்டிப் பறந்த காலம். பிரேசிலின் சாவோ பாவ்லோ நகர இரவு விடுதிகளில் பியானோ, பேஸ், டிரம்ஸ் என்று மூன்று பேர் மென்மையாக வாசித்துக்கொண்டிருப்பார்கள். மேஜைகளில் பேச்சு அது பாட்டுக்கு நடக்கும். டிரம்ஸ் வாசிக்கும் ஐர்ட்டோ மொரெய்ரா, பியானோவும் புல்லாங்குழலும் வாசிக்கும் ஹெர்மேட்டோ பாஸ்கோல் இருவரும் அந்த உலகத்தில் கை பழகியவர்கள்.

1966-ல் ஐர்ட்டோ, தேயோ டி பாரோஸ், ஹெரால்டோ டோ மோண்டே மூவரும் பாடகர் ஜெரால்டோ வந்த்ரேவுக்குப் பக்கவாத்தியமாகச் சேர்ந்தார்கள். அப்புறம் ஹெர்மேட்டோ வந்தார்; நால்வரும் சேர்ந்ததுதான் குவார்தேத்தோ நோவோ. மறு வருஷமே ஓடியோன் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஓர் ஆல்பம். அந்தக் குழு போட்டது அந்த ஒன்றுதான்.

[திரையில்: ஆல்பத்தின் அட்டை]

சரி, இதில் என்ன புதுமை? மனோதர்மமாக வாசிக்கும்போது அமெரிக்க ஜாஸ் பிடிகள், அதாவது அதில் வழக்கமாக வரும் ஸ்வரத் தொடர்கள், வரக்கூடாது என்று நால்வரும் தங்களுக்கே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். இது லேசான காரியமில்லை. ஜாஸ் வாசிப்பவர் கண்ணை மூடினால் விரலில் தானாக வருவதே அந்தப் பிடிகள்தான்.

அதற்குப் பதிலாக அவர்கள் போனது பிரேசிலின் வறண்ட வடகிழக்குக்கு. ஹெர்மேட்டோ அங்கே, அலகோவாஸ் மாநிலத்தில், 1936-ல் பிறந்தவர். அக்கார்டியனும் சபும்பா மேளமும் இரும்பு முக்கோணமும் சேர்ந்த பையாவோ இசை அந்த மண்ணுடையது. அதில் அடிக்கடி வரும் ஒரு ஸ்வரக்கூட்டைக் கவனியுங்கள்: அந்தர காந்தாரம், பிரதி மத்யமம், சதுஸ்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு உடனே வாசஸ்பதி ஞாபகம் வரும். கமகம் கிடையாது, ராகமாகவும் அதைக் கையாள்வதில்லை. ஸ்வரங்கள் மட்டும் அவையே.

[திரையில்: வியோலா கைப்பிரா, கிட்டத்தில்]

ஹெரால்டோவின் கையில் இருப்பது வியோலா கைப்பிரா, கிட்டார் போன்ற கிராமத்து வாத்தியம். பத்துக் கம்பிகள், ஜோடி ஜோடியாக. ஒரு ஜோடியை மீட்டினால் கணீரென்று ஓர் உலோக ஓசை எழும். ஐர்ட்டோ இன்னும் ஒரு படி மேலே. 1966-ன் பாட்டு விழாவில் 'திஸ்பராதா' பாட்டுக்கு அவர் வாசித்தது ஒரு கழுதையின் தாடை எலும்பு! காய்ந்த தாடையைத் தட்டினால், தளர்ந்த பற்கள் குழிக்குள் அதிர்ந்து கடகடக்கும்.

சில வருஷங்களில் ஐர்ட்டோ அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் இருந்தார். ஹெர்மேட்டோவும் டேவிஸின் 'லைவ்-ஈவில்' ஆல்பத்தில் வாசித்தார்.

புதிதாகக் கேட்பவர்கள் 'அல்கோதாவோ'விலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம். பையாவோ பாடகர் லூயிஸ் கொன்சாகாவும் சே தந்தாஸும் எழுதிய பருத்திப் பாட்டு அது. முதலில் கொன்சாகா பாடியதைக் கேளுங்கள், கையோடு இவர்களுடையதைப் போடுங்கள். அப்புறம் ஆல்பத்தின் முதல் பாட்டான 'ஓ ஓவோ'வுக்குப் போங்கள். அதில் புல்லாங்குழலை விடாமல் பின்தொடருங்கள்.