ஒரே துரை, நான்கு கதைகள்: வாழ்க்கை வரலாற்றை எவ்வளவு நம்பலாம்?

[திரையில்: கண்டி, மஹியாவை மயானம்]

1892 மே மாதம். லூல்கந்துர தோட்டத்திலிருந்து கண்டிக்கு ஒரு சவப்பெட்டி போகிறது. உள்ளே இருப்பவர் ஆஜானுபாகு. அதனால் பன்னிரண்டு பன்னிரண்டு பேராக 24 ஆட்கள் தோள் மாற்றித் தூக்குகிறார்கள். கூட நடக்கும் தோட்டத்து சனங்கள் "சாமி துரை" என்று அழுகிறார்கள். இறந்தவர் ஜேம்ஸ் டெய்லர், இலங்கையில் வியாபாரத்துக்காக முதன்முதலில் தேயிலை போட்டவர்.

இவருடைய வாழ்க்கையை இப்போது நான்கு தடவை சொல்லப்போகிறேன். நான்கிலும் பொய்த் தகவல் ஒன்றுகூட இருக்காது. ஆனாலும் நான்கு வேறு டெய்லர்கள் வருவார்கள். வணக்கம், இன்றைக்கு வாழ்க்கை வரலாறு என்ற இலக்கிய வகையைப் பற்றிப் பேசுகிறோம். இலக்கியம் என்றதும் ஓடிவிடாதீர்கள்.

பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன். ஏறக்குறைய 1900 வருடங்களுக்கு முன் புளூட்டார்க் என்ற கிரேக்கர், ஒரு கிரேக்கர், ஒரு ரோமர் என்று சாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல் ஜோடி சேர்த்து வாழ்க்கை வரலாறு எழுதினார். அலெக்சாந்தருக்கு ஜோடி ஜூலியஸ் சீசர். பெரிய போரைவிட ஒரு சின்னக் கேலிப்பேச்சு ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பது அவர் கட்சி. 1791இல் பொஸ்வெல், ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜோன்சனின் பேச்சையெல்லாம் குறித்துவைத்துப் பெரிய புத்தகமாக்கினார். 1918இல் லிட்டன் ஸ்ட்ரேச்சி பெரிய மனிதர்களை நக்கலடித்தே எழுதினார். நம் உ.வே.சாமிநாதையர் தம் ஆசிரியரின் வரலாற்றை எழுதி முடித்தார். தம்முடையதை முடிப்பதற்குள் 1942இல் காலமானார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 1973இல் ஹெய்டன் வைட் என்ற அமெரிக்கர் ஒன்றைச் சொன்னார்: நடந்தவை தானாகக் கதையாகாது, எழுதுகிறவர்தான் அவற்றை ஒரு கதை வார்ப்புக்குள் ஊற்றுகிறார். சாகசம், அவலம் (சோகத்தில் முடிவது), இன்பியல் (சுபமாக முடிவது), அங்கதம் (கிண்டலாகக் குத்திக்காட்டுவது) என்று நான்கு வார்ப்புகள். அவர் பேசியது 19ஆம் நூற்றாண்டு வரலாற்று நூல்களைப் பற்றி. நான் அதைக் கொண்டுவந்து நம்ம துரைமேல் வைக்கிறேன்.

முதலாவது, சாகசம். ஸ்கொட்லாந்துப் பையன், 16 வயதில் 1852இல் இங்கே வந்து இறங்குகிறான். காடு, குளிர், தனிமை. 1867இல் 19 ஏக்கரில் தேயிலை. வென்றுவிட்டான்! பின்னணி இசை போடலாம்.

இரண்டாவது, அவலம். நாற்பது வருடம் ஒரே தோட்டம். ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. கடைசியில் நிர்வாகம் வேலையை விட்டுப் போகச் சொல்கிறது. போக மறுத்தவர் வயிற்றோட்டத்தில் அங்கேயே இறக்கிறார். அதே மனிதர், இப்போது தொண்டை அடைக்கிறது இல்லையா?

மூன்றாவது, இன்பியல். கோப்பியில் இலைத்துரு நோய் விழுகிறது, தோட்டங்கள் நொடிக்கின்றன, தேயிலை வந்து காப்பாற்றுகிறது, 1890இல் பிரித்தானிய வியாபாரி லிப்டன் வருகிறார், எல்லாம் சுபம். சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் இதுதான். இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். கோப்பி அழிந்ததால் டெய்லர் தேயிலை நட்டார் என்று எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்! இலைத்துரு இங்கே தெரியவந்தது 1869இல். அவர் நட்டது அதற்கு இரண்டு வருடம் முன்னால். அந்த "அழிந்ததால்" கதை சொல்கிறவர் ஒட்டவைத்தது. கதை சுபமாக முடிய அது தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

நான்காவது, அங்கதம். துரை 19 ஏக்கர் நட்டார் என்கிறோம். காட்டை வெட்டியது யார்? குழி போட்டது யார்? துரை கையால் சில கன்றுகள் வைத்திருப்பார், மறுக்கவில்லை, 19 ஏக்கரையுமா? கல்லறைக் கல்லில் முன்னோடி என்று அவர் பெயர் மட்டும் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது இதுதான். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்தவனுக்கு வேறென்ன பிடிக்கும்? ஆனால் இதிலும் ஓர் ஓட்டை. "சாமி துரை" என்று அழுதவர்களை எங்கே வைப்பது? வார்ப்புக்குள் அடங்கவில்லை என்று தூக்கிப் போட்டால் நானும் அதே வேலையைத்தான் செய்கிறேன். இன்னொன்று, அந்த அழுகை நம்மிடம் வந்து சேர்ந்ததே துரைமார் பக்கத்து எழுத்து வழியாகத்தான்.

[திரையில்: பிரட்டுக்களம், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம்]

எடுத்துரைப்பியல் விமர்சனம், அதாவது கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்று பார்க்கும் விமர்சனம், கேட்கும் கேள்விகள் இவைதான்: கதை எங்கே தொடங்குகிறது, எங்கே நிறுத்தப்படுகிறது, யார் கண்ணால் பார்க்கப்படுகிறது? டெய்லர் தன் அப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. பிரட்டுக்குப் போன ஆளுக்கு மிஞ்சியது செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், ஒரு பெயர். அப்புறம் பாட்டு. கோப்பிப் பழம் ஒன்று தவறியதற்காகச் சின்னத்துரை (துரைக்கு அடுத்த அதிகாரி) உதைத்த கதையைச் சொல்லும் பாட்டை நம் ஆட்களுக்குச் சொல்லித்தரவே வேண்டாம். தேதியும் பெயரும் இல்லாத அது என் கணக்கில் வாழ்க்கை வரலாறுதான். மலைநாட்டுப் பாடல்களைத் தொகுத்த சி.வி. வேலுப்பிள்ளையை அதனால்தான் வெறும் தொகுப்பாளர் என்று நினைக்க முடியவில்லை.

புளூட்டார்க்குக்குப் பிடித்திருக்கும் ஆள் ஒருவர் நம்மிடம் உண்டு, தோட்டத் தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யர். வெளியார் தோட்டத்துக்குள் நுழைய முடியாத காலத்தில் அவர் புடவை வியாபாரிபோல் மூட்டையோடு உள்ளே போனார் என்று சொல்வார்கள். சட்டசபைப் பேச்சு பத்தைவிட அந்த மூட்டை அவரைச் சரியாகக் காட்டுகிறது. சாரல் நாடன் அவரைப் பற்றி எழுதியதைத் தேடி வாசியுங்கள்.

உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் அப்பாயியின் வாழ்க்கையை ஐந்து வரியில் கொமெண்டில் எழுதுங்கள். கீழேயே அதே தகவல்களை வேறொரு வார்ப்பில் திருப்பி எழுதுங்கள். நல்லவற்றை அடுத்த வீடியோவில் வாசிக்கிறேன். பெயர் வேண்டாம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். சப்ஸ்கிரைப் பண்ணாதவர்கள் பண்ணிவிட்டுப் போங்கள்.