மாண்டினீக்ரோ யாருக்காகக் கம்பு தூக்கியது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் காத்திருக்கும் நாடு அதன் வெளியுறவுக் கொள்கையை முன்கூட்டியே ஏற்பது பயந்தா, விரும்பியா? விரும்பியே என்பது எங்கள் அணி. அப்படிக் காத்திருக்கும் பால்கன் நாடு மாண்டினீக்ரோதான் இன்றைய உதாரணம்.

எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார். "கல்யாணமே இன்னும் ஆகல, அதுக்குள்ள மாப்பிள்ளை வீட்டுச் சண்டைக்குக் கம்பு தூக்கிட்டு ஓடுது மாண்டினீக்ரோ" என்றார். பலத்த கைதட்டல். பதில் சொல்லாமல் நான் நகரப் போவதில்லை.

அந்தக் கம்பு எப்படித் தூக்கப்படுகிறது? கம்பு என்பது ஒன்றியம் வேறு நாடுகள் மீது போடும் தடை. அதை முடிவு செய்வது 27 உறுப்பு நாடுகள், ஒருமனதாக. சேரக் காத்திருக்கும் வேட்பாளர் நாட்டுக்கு அங்கே நாற்காலியும் இல்லை, வாக்கும் இல்லை. முடிவான பிறகுதான் "நீங்களும் சேர்கிறீர்களா?" என்று ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் கேட்கும். சரி என்றால் ஒன்றியத்தின் வெளியுறவுத் தலைவரான உயர் பிரதிநிதியின் அறிக்கையில் பெயர் வரும். அத்தோடு முடியாது. உறுப்பு நாட்டில் ஒன்றியத்தின் ஒழுங்குவிதி நேரடியாகச் சட்டம். வேட்பாளர் நாட்டில் உள்நாட்டு ஆணை வந்தால்தான் தடைக்கு ஆளானவரின் கணக்கை வங்கி முடக்கும். 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யா மீதான தடையில் மாண்டினீக்ரோ சேர்ந்துவிட்டது. ஆனால் அமைச்சரவைக்குள் இழுபறி, ஆணை ஏப்ரலில்தான் வந்தது. பயந்து பணிகிற வீட்டில் இத்தனை வாக்குவாதம் நடக்குமா?

விலை கொடுக்கவில்லையா? கொடுத்தது. 2014-ல் ரஷ்யா மீதான தடையில் சேர்ந்தது. 2015 ஆகஸ்டில் ரஷ்யாவின் உணவு இறக்குமதித் தடைப் பட்டியலில் அதன் பெயரும் ஏறியது. அதைவிட ஒயின் கதையைக் கேளுங்கள்.

தலைநகர் பொட்கோரிட்சா பக்கத்தில் ஒரு சமவெளி. 2,300 ஹெக்டேர், ஒரே திராட்சைத் தோட்டம். அங்கே விளைகிற கருந்திராட்சையின் பெயர் வ்ரனாட்ஸ். அந்த ஒயின் ரஷ்யக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது. 2017 ஏப்ரல் 28 அன்று, ரஷ்யாவுக்குப் பிடிக்காத நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர நாடாளுமன்றம் வாக்களித்தது. ஒயினுக்கு ரஷ்யா தடை போட்டது எப்போது? அதே வாரம்! காரணம்? பூச்சிமருந்து இருக்கிறதாம், பிளாஸ்டிக் இருக்கிறதாம். மறுபடி சொல்கிறேன், அதே வாரம்! இத்தனை நாள் குடித்த ஒயின், எம்.பி.க்கள் கை தூக்குகிற வாரத்தில் எப்படிங்க கெட்டுப்போகும்?

ஆறு லட்சத்துச் சொச்சம் பேர் உள்ள நாடு, நடுவர் அவர்களே. இந்த அடியைத் தனியாக நின்று எத்தனை தடவை தாங்கும்? 2002 முதல் அது புழங்குவதே யூரோ. கூடி நிற்க அது முடிவு செய்தது. பக்கத்தில் செர்பியா ரஷ்யா மீதான தடைகளில் சேரவில்லை. 2021 டிசம்பருக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் ஒன்றியத்தில் சேர்வதற்கான புதிய பேச்சுவார்த்தைத் தொகுதி எதுவும் அதற்குத் திறக்கவில்லை.

"நூற்றுக்கு நூறு ஒத்துப்போயும் 2024 டிசம்பரில் சேர்க்கைப் பேச்சுவார்த்தையின் வெளியுறவு அத்தியாயமான 31-ஐ மூடவிடாமல் குரோஷியா தடுத்ததே?" என்று இனி பேச வருகிறவர் கேட்பார். தடுத்தது உண்மை. ஆனால் அந்தக் கோபம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குரோஷியாவில் இருந்த யாசெனோவாட்ஸ் வதைமுகாம் பற்றி மாண்டினீக்ரோ நாடாளுமன்றம் போட்ட தீர்மானத்தின் மேல். கொள்கையில் குறை என்று யாரும் சொல்லவில்லை.

குரோஷியாவோடு அந்த நாட்டுக்கு இருப்பது பழைய காயம். 1991 அக்டோபரில் குரோஷியாவின் துப்ரோவ்னிக் நகரத்தை முற்றுகையிட்ட யூகோஸ்லாவியப் படையில் மாண்டினீக்ரோ கிராமத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். யூகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடு கூப்பிட்டது, போனார்கள். மறு வருஷம் யூகோஸ்லாவியா மீது ஐ.நா. தடை வந்தது, பணம் காகிதமாயிற்று. 2000-ல் மாண்டினீக்ரோ அதிபர் ஜுகனோவிச் குரோஷியாவிடம் மன்னிப்புக் கேட்டார். தடை என்றால் எப்படி வலிக்கும் என்று தெரிந்த ஜனங்கள் அவர்கள், ஐயா. தெரிந்தும் கையெழுத்துப் போட்டார்கள். உக்ரைனின் மரியுபோலில் குண்டு விழுவதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அன்று துப்ரோவ்னிக்குக்குப் பிள்ளையை அனுப்பிய தாய் என்ன நினைத்திருப்பாள்? அவளைப் பார்த்து, நீ பயந்துதான் இதற்குச் சம்மதித்தாய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தீர்ப்பை எங்கள் பக்கம் தாருங்கள். நன்றி.