அம்மி நகர்ந்த கதை

(எங்கள் ஊர் விளையாட்டுக் கழக ஆண்டு விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்திருக்கும் வட்டாட்சியர் அம்மா அவர்களே, போன வருடமும் இதே பந்தலில் என் பேச்சைப் பொறுத்துக்கொண்ட தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மைக்கைச் சரிசெய்து கொடுத்த தம்பி அவர்களே, பரிசுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் மன்னியுங்கள். போன தடவை ஒருவரை விட்டுவிட்டேன். ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

விடாமுயற்சி, உடல்நலம், செல்போன் என்று மூன்று விஷயம் பேச வந்திருக்கிறேன்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். இதை நான் எல்லா மேடையிலும் சொல்கிறேன் என்று கேலி செய்கிறார்கள். சரி, சொல்கிறேன்! இன்று அதற்குச் சாட்சியாக இங்கிலாந்திலிருந்தே ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறேன்.

ரிச்சர்ட் பிளாண்ட். கோல்ஃப் ஆட்டக்காரர். 1996-ல் தொழில்முறையில் இறங்கினார். ஐரோப்பிய டூர் என்ற பெரிய போட்டித் தொடரில் 477 போட்டி ஆடியும் ஒரு முதலிடம் இல்லை. 2018-ல் அங்கே ஆடும் உரிமையே போயிற்று.  கூடப்பிறந்த சகோதரரும் அப்போது கடுமையாக நோயுற்றிருந்தார். பிளாண்ட் இரண்டாம்நிலைப் போட்டிகளுக்கு இறங்கிப்போய், பிள்ளை வயசுக்காரர்களோடு ஆடி, மேலே ஏறி வந்தார்.

2021 மே மாதம். பர்மிங்காம் பக்கத்தில் பெல்ஃப்ரி மைதானம், அதே டூரின் பிரிட்டிஷ் மாஸ்டர்ஸ் போட்டி. கோல்ஃபில் பதினெட்டுக் குழியிலும் பந்தைப் போட வேண்டும், குறைவான தடவை அடித்தவர்தான் ஜெயிப்பார். கடைசி நாள் 66 தடவை அடித்து முடிக்கிறார். இத்தாலிக்காரர் குய்டோ மிலியோட்ஸியும் மொத்தத்தில் அதே கணக்கு. அவருக்கு 24 வயது, இவருக்கு 48. சரிபாதி! சமன் என்றால் மறுபடி ஒரு குழி ஆட வேண்டும். பதினெட்டாம் குழி, குறுக்கே இரண்டு இடத்தில் தண்ணீர். நாலு அடியில் முடிக்க வேண்டிய குழி. இருவருமே இரண்டாவது அடியில் குழியைச் சுற்றியுள்ள புல்தரைக்கு வந்துவிட்டார்கள். இனிமேல் நம் கோலிக்குண்டு மாதிரிதான், மெல்ல உருட்ட வேண்டும். பிளாண்ட் இரண்டு தட்டில் உள்ளே. இத்தாலிப் பிள்ளை தொலைவிலிருந்து உருட்டுகிறார், பந்து குழிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. அடுத்த தட்டு… தப்பிவிட்டது. கோலி ஆடியவர்களுக்குத் தெரியும், கிட்டத்துக் குழிதான் கையை நடுங்க வைக்கும். அவ்வளவுதான், 478-வது போட்டியில் அம்மி நகர்ந்தது. அப்புறம் பேட்டி கொடுக்கும்போது அந்த மனிதர் அழுதுவிட்டார்.

இப்போது நான் கேட்கிறேன். அந்த 48 வயது மனிதர் நம் ஊரில் இருந்தால் எங்கே போய்ப் பயிற்சி எடுப்பார்? பள்ளி மைதானத்துக் கேட்டில் சாயங்காலம் ஆறு மணிக்குப் பூட்டு. வேலை முடிந்து வருகிறவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்க்கிறான். அடிமேல் அடி அடிக்க முதலில் இடம் வேண்டாமா? தலைமையாசிரியர் ஐயா சிரிக்கிறார். சாவி அவரிடம் இல்லை என்று எனக்கும் தெரியும். வட்டாட்சியர் அம்மா காதில் விழட்டும் என்றுதான் சொல்கிறேன். இரவு ஒன்பது வரை திறந்து வையுங்கள், இரண்டு விளக்கு போடுங்கள். மூன்று வருடமாக நான் கேட்பது இவ்வளவுதான்.

மணி அடித்துவிட்டார்கள். உடல்நலமும் செல்போனும் அடுத்த வருடம். வாசலில் மேசைமேல் நீல நோட்டு இருக்கிறது, பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன். மைதானம் கேட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு கேசரி வாங்கப் போங்கள். நன்றி, வணக்கம்.