சட்டை மாற்றிய காலரா

நேயர்களுக்கு வணக்கம். 1992-ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். அன்றைக்கு மெட்ராஸ் என்றிருந்த நம் ஊரில் காலரா வந்தது. அரிசி கழுவிய தண்ணீர் போன்ற பேதி, குழிவிழுந்த கண்கள், எல்லாம் தெரிந்த அடையாளங்கள்தான். கிருமியைச் சோதித்தபோதுதான் குழப்பம்.

கண்ணாடித் தகட்டில் கிருமியைக் கரைத்து, அதுவரை கொள்ளைநோயாகப் பரவிவந்த ஓ1 வகைக்கான சீரத்தை, அதாவது அந்த வகையை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள் உள்ள திரவத்தை, ஒரு சொட்டு விடுவார்கள். அந்த வகைதான் என்றால் பால் திரிவதுபோல் திரிதிரியாகத் திரளும். இது திரளவில்லை. அதுவரை தெரிந்திருந்த 138 வகைகளின் சீரத்துக்கும் அசையவில்லை. ஆகவே ஓ139 என்று பெயர் வைத்தார்கள்.

இந்த எண் எதைக் குறிக்கிறது? காலராக் கிருமியின் மேல்தோலில், பலாப்பழத்து முள்போல, சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். எந்தச் சர்க்கரைக்குப் பக்கத்தில் எது என்ற வரிசையை வைத்துத்தான் நம் உடம்பின் எதிர்ப்பொருள்கள் கிருமியை அடையாளம் காண்கின்றன. மெட்ராஸ் கிருமி உள்ளுக்குள், ஓ1 வகையின் ஒரு கிளையான பழைய எல் டோர் காலராவேதான். நச்சும் அதே நச்சு. சங்கிலியைக் கட்டும் மரபணுத் துண்டு மட்டும் கழன்று, வேறொன்று அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. போதாததற்கு மேலே ஓர் உறையும்.

இப்படி மாறுவது எப்படி? நண்டு, இறால் ஓடுகளில் உள்ள கைட்டின் என்ற கெட்டிப் பொருளின்மேல் வளரும்போது, காலராக் கிருமி அக்கம்பக்கத்துக் கிருமிகளின் டிஎன்ஏவை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓ1 கிருமி அந்த வழியிலேயே ஓ139 ஆவதை 2007-இல் ஆய்வகத்தில் காட்டினார்கள்.

என்னை இன்றும் உலுக்குவது வேறு விஷயம். காலரா அடிக்கடி வரும் ஊர்களில் பெரும்பாலும் குழந்தைகள்தான் படுப்பார்கள். பெரியவர்களின் உடம்பு பழகியிருக்கும். இந்த முறை பெரியவர்களே அதிகம் விழுந்தார்கள். வருஷக்கணக்கில் சேர்த்த எதிர்ப்பு, சட்டை மாறியதும் ஆளை அடையாளம் காணவில்லை. 1993 தொடக்கத்திற்குள் கல்கத்தா, வங்கதேசம் வரை போய்விட்டது. வங்காள விரிகுடாக் கரையோரம் பரவியதால் ‘பெங்கால்’ என்ற பெயரும் சேர்ந்தது.

அப்புறம் வந்த சில வாய்வழித் தடுப்பு மருந்துகளில் ஓ1, ஓ139 இரண்டையும் சேர்த்தார்கள். நம் நாட்டில் 2009-இல் அனுமதி பெற்றதும் அப்படிப்பட்டதே.

சிகிச்சை மட்டும் சட்டையைப் பார்ப்பதில்லை. பேதி தொடங்கியதுமே ஓஆர்எஸ் கொடுங்கள். பெரிய பாக்கெட் என்றால் முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள்; கொதிக்கவைத்து ஆறிய தண்ணீராக இருக்கட்டும். வாந்தி எடுத்தாலும் பத்து நிமிஷம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகத் தொடருங்கள். சோர்ந்து துவண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். வழியிலும் கொடுத்துக்கொண்டே போங்கள்.