கொட்டக் கொட்டக் குளவியாகுமா? ஜவ்வாது மலையில் ஒரு கணக்கெடுப்பு

(வேலூரில் ஆசிரியர்களும் விவசாயிகளும் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)

எல்லோருக்கும் வணக்கம்.

சுவரில் குளவி மண்கூடு கட்டினால் கலைக்கக் கூடாது என்று உங்கள் வீட்டுப் பாட்டியும் சொல்லியிருப்பார். வீட்டில் குழந்தை உண்டாகப் போகிறது என்பார்கள். அந்தக் கூட்டை ஒரு தடவையாவது உடைத்துப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள். பரவாயில்லை, பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறீர்கள். உள்ளே என்ன இருந்தது? பச்சைப் புழு. ஒன்றன்மேல் ஒன்றாகத் திணித்து வைத்திருக்கும். செத்த மாதிரி கிடக்கும், ஆனால் அழுகியிருக்காது. தென்னங்குச்சியால் தொட்டால் லேசாக நெளியும். உடைக்காமல் விட்டிருந்தால் சில வாரத்தில் அதே கூட்டில் வட்டமாக ஓட்டை போட்டுக்கொண்டு ஒரு குளவி வெளியே வந்திருக்கும்.

உள்ளே போனது புழு, வெளியே வந்தது குளவி. இதைப் பார்த்துத்தான் "குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்றார்கள். குருவின் அருளால் சீடன் குருவாகவே மாறுவதற்கு இதை உவமையாகச் சொல்லும் மரபும் நம்மிடம் உண்டு. நான் பூச்சியியல் படித்தவன் என்றாலும் அந்தப் பழமொழியைத் தப்பு என்று தள்ள மாட்டேன். பார்த்தவர்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். நடுவில் ஒன்று மட்டும் அவர்கள் கண்ணில் படவில்லை. அது முட்டை. தாய்க்குளவி கூட்டுக்குள் ஒரு முட்டை வைத்துவிட்டுத்தான் போகிறது. அந்தப் புழுக்களெல்லாம் குஞ்சுக்குக் கட்டி வைத்த சோறு.

இன்று நான் பேச வந்தது இந்தக் குளவியின் சொந்தக்காரர்களைப் பற்றி. அவர்கள் மண் குழைத்துக் கூடு கட்டுவதில்லை. புழுவின் உடம்பையே கூடாக்கிக் கொள்கிறார்கள். புழுவுக்குள்ளோ, பிற பூச்சியின் முட்டைக்குள்ளோ, கூட்டுப்புழுவுக்குள்ளோ முட்டை வைத்துவிட்டுப் பறந்துவிடுவார்கள். குஞ்சு உள்ளே இருந்து தின்று வளர்ந்து, கடைசியில் அதைக் கொன்றுவிட்டு வெளியே வரும். ஒட்டுண்ணிக் குளவி என்று பெயர். பேனும் உண்ணியும் நம் மேல் ஒட்டிப் பிழைப்பவை, நம்மைக் கொல்வதில்லை. இது கொல்லும். அந்த ஒரு வித்தியாசத்தில்தான் விவசாயமே நிற்கிறது.

குளவி என்றதும் பனைமரத்துக் கதண்டை நினைத்துப் பயப்பட வேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை நம்மைக் கொட்டவே கொட்டாது. பல இனங்கள் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, கொசு என்றுதான் நினைப்பீர்கள். உங்கள் குளியலறை ஜன்னலிலேயே ஒன்று இருக்கும். கருப்பாக, நீளமான காலோடு, வயிறு மட்டும் சின்னக் கொடி மாதிரி மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கும். பார்த்தவுடன் அடித்துவிடுகிறோம். அது தேடுவது கரப்பான் பூச்சியின் முட்டைப்பையை. அதன் குஞ்சு வளர்வது அந்தப் பைக்குள்தான். அடுத்த முறை செருப்பைக் கையில் எடுக்குமுன் வயிற்றைப் பாருங்கள்.

இங்கே கரும்பு போட்ட விவசாயிகள் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நான் டிரைக்கோகிரம்மா என்ற ஒட்டுண்ணிக் குளவியின் அட்டையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இடைக்கணுப் புழுவுக்கு எக்டேருக்கு 2.5 சிசி, நாலாம் மாதத்திலிருந்து பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, ஆறு தடவை. அட்டையில் மணல் மாதிரி ஒட்டியிருப்பது அந்துப்பூச்சியின் முட்டைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குளவி. பப்பாளி மாவுப்பூச்சியையும் மறந்திருக்க மாட்டீர்கள். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் கண்ணில் பட்டது. அப்புறம் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று ஒன்றையும் விடவில்லை. மருந்து அடித்து அடித்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். அந்தப் பூச்சியின் சொந்த ஊர் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே அதை அடக்கி வைத்திருந்த அசிரோஃபேகஸ் என்ற பொடிக் குளவியை 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருக்குத் தருவித்து, பெருக்கி, நம் தோட்டங்களில் விட்டார்கள். சில மாதங்களில் மாவு அடங்கியது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எந்தக் குளவி எந்தப் பூச்சியில் வளர்கிறது என்று அந்த ஊர்க் காட்டிலும் தோட்டத்திலும் யாரோ உட்கார்ந்து எழுதி வைத்திருந்தார்கள். அதனால்தான் நமக்கு வேண்டியபோது கேட்டு வாங்க முடிந்தது. நம் மலையில் அப்படி எழுதி வைத்திருக்கிறோமா? நானும் என் மாணவர்களும் ஜவ்வாது மலைக்கு ஏறத் தொடங்கியது இந்தக் கேள்வியோடுதான்.

மலையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அமிர்தி வழியாகவோ ஒடுகத்தூர் வழியாகவோ ஏறினால், அடிவாரத்தில் முள்காடு, மேலே போகப்போக இலையுதிர்காடு, ஓடை ஓரங்களில் மட்டும் கோடையிலும் பச்சை. நடுநடுவே மலையாளி மக்களின் சாமைக் கொல்லைகள், பலா, புளி. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் கிடைக்கிறது. இத்தனை விதமான இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பூச்சியும் அத்தனை விதமாக இருக்கும். அந்தப் பூச்சியைத் தின்பதும் அப்படியே.

கணக்கெடுப்பு என்றால் பெரிய கருவி ஒன்றும் இல்லை. கடையில் வாங்கிய மஞ்சள் பிளாஸ்டிக் தட்டு, தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் சோப்பு. மஞ்சளைப் பூவென்று நினைத்தோ தளிரென்று நினைத்தோ குளவி இறங்கும். சோப்பு இருப்பதால் தண்ணீரின் மேல் நிற்க முடியாமல் மூழ்கிவிடும். காலையில் வரிசையாக வைத்துவிட்டு மறுநாள் காலை எடுக்க வேண்டும். சாமைக் கொல்லை வரப்பில் தட்டு வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி வந்து, "என்ன வாத்தியாரே, பந்தி போடறீங்களா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். "அப்போ மாடு வர்ற பக்கம் வைக்காதே சாமி, தண்ணின்னு குடிச்சிடும்" என்று தட்டுகளைத் தாமே எடுத்து வேலி ஓரம் மாற்றி வைத்தார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத யோசனை அது. அன்றிலிருந்து நாங்கள் வேலி ஓரம்தான்.

இன்னொன்று கூடாரப் பொறி. ரெனே மாலேஸ் என்ற சுவீடன்காரர் தம் பயணங்களில் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தபோது, உள்ளே வந்த பூச்சிகள் உச்சி மூலைக்கு ஏறி அங்கிருந்த ஓட்டை வழியாக வெளியேறுவதைக் கவனித்தார். அந்த ஓட்டையில் ஒரு பாட்டிலைக் கட்டினால் போதுமே என்று தோன்றியது. 1930களில் வந்த யோசனை, இன்றைக்கும் உலகம் முழுக்க அதுதான். காற்று ஊடாடுகிற ஓடைக் கரையில் குறுக்கே கட்டினால் நன்றாக விழும்.

முதல் வருஷத்தில் எங்களுக்கு ஒரு நஷ்டம் நேர்ந்தது. ஆசிரியர்கள் இருக்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன். பிடித்ததையெல்லாம் 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு, பால்பாயிண்ட் பேனாவில் சீட்டு எழுதிக் குப்பிக்குள்ளேயே வைத்தோம். ஒரு வாரம் கழித்து எடுத்தால் தண்ணீர் நீலமாக இருந்தது, சீட்டு வெள்ளையாக இருந்தது. ஆல்கஹால் மையைக் கரைத்துவிட்டது. குளவிகள் மீசை உடையாமல் அப்படியே இருந்தன. ஆனால் எந்த ஊர், எந்த நாள், எந்த ஓடை? ஒன்றும் தெரியாது. அவற்றை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. மனசு கேட்கவில்லைதான், ஆனாலும் சேர்க்கவில்லை. இடமும் நாளும் இல்லாத குளவி கணக்கெடுப்புக்கு உதவாது. பென்சிலில் எழுதுங்கள். பென்சில் கரையாது.

அப்புறம் நுண்ணோக்கி. ஒரு தட்டில் விழுந்ததை வெள்ளைக் கிண்ணத்தில் கொட்டிப் பிரிக்கவே ஒரு மாலை போய்விடும். கால்சிட் குளவிக்குப் பின்னந்தொடை பயில்வான் தொடை மாதிரி உருண்டிருக்கும், கீழ் ஓரத்தில் பல் வரிசை. மைமாரிட் குளவியின் இறக்கை ஒரு காம்பு போலத் தொடங்கி, ஓரமெல்லாம் நீள நீளமான மயிர் நிற்கும். இறகுப் பேனா மாதிரி. வெறும் கண்ணுக்கு அது தூசி. முதல் முதலாக அதை லென்ஸில் பார்த்த மாணவி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் எழுந்து பக்கத்தில் இருந்தவளைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

குடும்பம் வரை நாமே சொல்லிவிடலாம். இனம் சொல்வதுதான் கஷ்டம். இந்தத் துறையில் நமக்கு நல்ல மரபு இருக்கிறது. எம்.எஸ். மணி, அலிகாரில் முகமது ஹயாத், கள்ளிக்கோட்டையில் நரேந்திரன் என்று வாழ்நாளையே இதற்குக் கொடுத்தவர்கள் உண்டு. நமக்குப் பக்கத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இந்தப் பொடிக் குளவிகளுக்கென்றே வேலை நடந்திருக்கிறது. அப்படியும் எங்கள் குப்பிகள் பலவற்றில் "இனம் 1", "இனம் 2" என்றுதான் எழுதியிருக்கிறோம். இதே மலையில் காவலூரில், 725 மீட்டர் உயரத்தில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1988இல் அங்கிருந்து ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்; அதற்கு ராமானுஜன் என்று பெயர். ஆனால் அதே ஊர் வேலி ஓரப் புல்லில் வலை வீசினால் வருகிற பலவற்றுக்கு எங்களால் பெயர் சொல்ல முடியவில்லை. 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டு, விலங்குகளில் அதிக இனங்கள் உள்ளது வண்டு வரிசை அல்ல, இந்த ஒட்டுண்ணிகளால் குளவி, தேனீ, எறும்பு வரிசைதான் என்று வாதிட்டார்கள். குப்பிகளைப் பிரித்து உட்கார்ந்த எங்களுக்கு அது வியப்பாக இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தட்டும் கூடாரமும் பெயரைத்தான் தரும். பிழைப்பைத் தராது. தண்ணீரில் செத்துக் கிடக்கும் குளவி தன் குஞ்சை எதில் வளர்த்தது என்று எப்படித் தெரியும்? அதற்கு வளர்த்துப் பார்க்க வேண்டும். பூச்சியைப் பிடித்து பாட்டிலில் விட்டு, வாயில் மல் துணி கட்டி, தினம் புது இலை போட்டுக் காத்திருக்க வேண்டும். நிறையக் கணக்கெடுப்புகள் முதல் வேலையோடு நின்றுவிடுகின்றன. பட்டியல் நீளமாக வரும், பார்க்க நன்றாக இருக்கும். எனக்கு அந்தப் பட்டியல் போதாது. நம் முன்னோர் பார்த்தது உறவை. இந்தப் புழுவுக்கும் அந்தக் குளவிக்கும் என்ன சம்பந்தம் என்பதை. நாமும் அதைத்தான் எழுத வேண்டும்.

அமிர்தி போகும் வழியில் ஆமணக்கு இலையில் ஒரு காவடிப்புழு உட்கார்ந்திருந்தது. தின்னவில்லை, நகரவில்லை. தொட்டால் தலையை மட்டும் தூக்கியது. திருப்பிப் பார்த்தால் வால் பக்கம் அடியில், பின்கால்களுக்கு நடுவே, கோதுமை மணியைவிடச் சின்னதாக ஒரு பழுப்புக் கூடு. புழு பிஞ்சாக இருந்தபோதே மைக்ரோப்ளைட்டிஸ் குளவி அதற்குள் முட்டை வைத்திருக்கிறது. குஞ்சு உள்ளேயே வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து, அங்கேயே கூடு பின்னிவிட்டது. புழு உயிரோடு அதன்மேல் பந்தல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. இந்தக் குடும்பத்தில் பல குளவிகள் முட்டையோடு ஒரு வைரஸையும் சேர்த்துச் செலுத்துகின்றன. புழுவின் எதிர்ப்புச் சக்தியை அது முடக்கிவிடும். அந்த வைரஸ் குளவியின் மரபணுவுக்குள்ளேயே எழுதப்பட்டு, தாயிடமிருந்து மகளுக்குச் சீதனம் போல வருகிறது. கொட்டக் கொட்ட என்று சொன்னவர்கள் இதைக் கேட்டிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்கள்!

அந்தக் கொல்லைக்காரர் தோளில் ஸ்பிரேயரோடு நின்றிருந்தார். "பூச்சி விழுந்திருக்கு சார்" என்றார். இலை இலையாகத் திருப்பிக் காட்டினேன். கூடு சுமந்த புழுக்கள் நிறைய இருந்தன. அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஸ்பிரேயரை இறக்கி வைத்தார். எல்லாக் கொல்லையிலும் இப்படி முடியவில்லை. போகிற வண்டியிலெல்லாம் மருந்து டப்பா மலைக்கு ஏறுவதைப் பார்க்கிறேன். ஒரு தெளிப்பில் புழுவும் போகும், அதை அடக்க வந்ததும் போகும். புழு சீக்கிரம் திரும்பிவிடும். குளவி மெதுவாகத்தான் வரும், சில இடத்தில் வராது. வராமல் போனது எது என்று சொல்ல நம்மிடம் ஏடு வேண்டாமா?

சாமையில் குருத்து ஈ விழுந்தால் நடுக்குருத்து காய்ந்துபோகும், இழுத்தால் கையோடு வரும். அந்தக் குருத்துகளைப் பிடுங்கி பாட்டில் பாட்டிலாக வைத்தோம். சிலவற்றில் ஈ வந்தது. சிலவற்றில் குளவி வந்தது. குளவி வந்த பாட்டிலில், எந்தக் கொல்லை, என்றைக்குப் பிடுங்கியது, எத்தனை நாளில் வந்தது என்று எழுதி வைத்திருக்கிறோம். இந்த வேலைக்குப் பட்டம் தேவையில்லை. அவரைக் கொடியில் கருப்பு அசுவினி அப்பியிருக்கும்போது பாருங்கள், நடுநடுவே சில வெளுத்து, பொரி மாதிரி உப்பியிருக்கும். அதன் முதுகில் வட்டமாக ஒரு மூடி வெட்டியிருந்தால் குளவி போய்விட்டது; வெட்டு ஒன்றும் இல்லாவிட்டால் இன்னும் உள்ளே இருக்கிறது. தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்த தோப்புக்காரர்கள் ஓலையைத் திருப்பி, வெள்ளைக்கு நடுவே கருத்த கூடுகளைத் தேடுங்கள். அவை என்கார்சியா குளவி உள்ளே இருப்பவை. அந்த ஓலையை எரித்துவிடாதீர்கள், நறுக்கிப் பக்கத்து மரத்தில் கட்டுங்கள்.

காட்டுக்குள் பிடிப்பதென்றால் வனத்துறை அனுமதி கட்டாயம். பிள்ளைகளைப் பள்ளித் தோட்டத்திலும் கொல்லையிலும் தொடங்க வையுங்கள்.

மேசையில் ஒரு நுண்ணோக்கியும் ஐந்து பாட்டிலும் வைத்திருக்கிறேன். நான்காவது பாட்டிலில், அமிர்தி வழியில் எடுத்த, காவடிப்புழு சுமந்திருந்த குளவிக் கூடு ஒன்று இருக்கிறது. வைத்து ஆறு நாளாகிறது. காலையில் புறப்படும்போது கூட்டின் நுனி கருத்திருந்தது. வரிசையாக வாருங்கள், பிள்ளைகள் முதலில்.