பளிங்குத் தெய்வம் ஏலத்துக்கு வந்தால்

[திரை: தாடி வைத்த பளிங்கு முகம். கேமரா நெற்றியிலிருந்து மெதுவாக இறங்குகிறது.]

குரல்: ரோமானியப் பளிங்குச் சிலை. மார்பளவு. கி.பி. 2ஆம் நூற்றாண்டு. ஏல கேட்லாக்கில் பெரிய எழுத்தில் இவ்வளவுதான் இருக்கும். கீழே பொடி எழுத்தில் ‘மூக்கும் மார்பும் பிற்காலச் சேர்க்கை’ என்று இன்னொரு வரி வரலாம். வாங்குகிறவர் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான்.

சரி, இது எந்தத் தெய்வம்? அடர்ந்த தாடி இருப்பதால் ரோமானியரின் தலைமைத் தெய்வமான ஜூபிடர் என்று சொல்லத் தோன்றும். உச்சந்தலையைப் பாருங்கள், வட்டமாகத் தட்டையாக இருக்கிறது. அங்கே ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்திருக்கிறது. நெற்றியிலும் முடிக்கற்றைகள் தனித்தனியாக விழுகின்றன. அப்படியானால் இவர் செரபிஸ்.

[திரை: தலையில் மோடியஸ் தாங்கிய முழுமையான செரபிஸ் சிலை.]

எகிப்தை ஆண்ட கிரேக்கரான முதலாம் தாலமி பரப்பிய தெய்வம் இவர். மறுமை உலகத் தெய்வமான ஒசிரிஸும் புனிதக் காளையான அபிஸும் ஒன்றான எகிப்தின் ஒசிரிஸ்-அபிஸ் வழிபாட்டுக்குக் கிரேக்க முகம் கொடுத்தார்கள். தலையில் இருப்பது மோடியஸ், தானியம் அளக்கும் பாத்திரம். நம் மரக்கால் மாதிரி. விளைச்சலைத் தருகிறவர் என்பதற்கு அதுதான் அடையாளம். பல சிலைகளில் அதைத் தனியாகச் செதுக்கிப் பொருத்தியதால் காலப்போக்கில் கழன்று தொலைந்துவிட்டது. அலெக்சாந்திரியாவில் இருந்த இவருடைய பெரிய கோயில் கி.பி. 391 வாக்கில் இடிக்கப்பட்டது. உள்ளே இருந்த மூலச் சிலையும் போயிற்று. இன்று நமக்கு மிஞ்சியவை ரோமானியர் காலத்துப் பிரதிகள்தான்.

காலத்தை எப்படிச் சொல்கிறார்கள்? தாடிச் சுருள்களுக்குள் ஆழமான துளைகள் தெரிகின்றன. துளைக்கருவியை இப்படித் தாராளமாக ஓட்டுவது 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிப் பழக்கம். கண்மணியை உளியால் கீறுவது அதே நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் பரவியது. அதற்கு முன்பு வண்ணத்தில் வரைந்தார்கள். ஆனால் தெய்வச் சிலைகளில் அதற்குப் பிறகும் கண்ணை வெறுமையாக விட்டதுண்டு. அதனால் கண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

[திரை: புற ஊதா வெளிச்சத்தில் அதே முகம். மூக்கு மட்டும் வேறு நிறத்தில்.]

அப்புறம் மூக்கு. 18ஆம் நூற்றாண்டு ரோமில் உடைந்த சிலையை அப்படியே விற்க மாட்டார்கள். பார்தலோமியோ கவசெப்பி போன்ற சிற்பிகள் மூக்கு, காது, சில சமயம் கழுத்துக்குக் கீழே முழுவதையும் புதிதாகச் செய்து ஒட்டினார்கள். இங்கிலாந்துப் பிரபுக்கள் ஆசையாக வாங்கிப் போனார்கள். இதை மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து ரசனை அது. ஜென்கின்ஸ் வீனஸ் என்ற சிலையின் தலையே அதனுடையது இல்லை. 1765இல் வில்லியம் வெடல் என்ற ஆங்கிலேயச் செல்வந்தர் அதை வாங்கி, இங்கிலாந்தில் உள்ள தன் மாளிகையான நியூபி ஹாலுக்குக் கொண்டுபோனார். 2002இல் லண்டன் கிறிஸ்டிஸ் ஏலத்தில் அது ஏறக்குறைய 79 லட்சம் பவுண்டுக்குப் போனது. வேறு தலை என்று தெரிந்தும்தான்!

அந்த விலைக்குப் பெரிய காரணம், 1765இலிருந்து சிலை யாரிடம் இருந்தது என்று காட்ட முடிந்ததுதான். இன்றைய சந்தையில் கல்லின் அழகுக்குச் சமமாக அது கைமாறிய கதைக்கும் விலை உண்டு. நான் வாங்குகிறவனாக இருந்தால் முழுமையான மூக்கை விட ஒரு பழைய ரசீதைத்தான் விரும்புவேன்.

கலைப்பொருள் கடத்தலைத் தடுக்க வந்த 1970இன் யுனெஸ்கோ உடன்படிக்கைதான் இந்தத் தொழிலில் எல்லைக்கோடு. அந்த ஆண்டுக்கு முன்பே சிலை அது கிடைத்த நாட்டை விட்டு வெளியே வந்துவிட்டது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். இத்தாலி இன்னும் முந்தியது. 1909 சட்டப்படியே மண்ணில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம்.

[திரை: மண் ஒட்டிய சிலையின் போலராய்டு படம். சித்தரிப்பு.]

1995இல் ஜெனீவாவில் ஜியாகோமோ மெடிசி என்ற இத்தாலியத் தொல்பொருள் வியாபாரியின் கிடங்கைச் சோதனை போட்டார்கள். ஆயிரக்கணக்கில் படங்கள் சிக்கின, அவற்றில் நிறைய போலராய்டு. தோண்டி எடுத்த மண்கூடப் போகாத பொருள்கள் அவற்றில் இருந்தன. படம் உடனே தானாக வெளியே வந்து துலங்கும் வகை போலராய்டு கேமரா சந்தைக்கு வந்ததே 1970களில்தான். ‘பாட்டனார் காலத்துச் சேகரிப்பு’ என்று கேட்லாக்கில் வரும் பொருள், அந்தப் படத்தில் மண்ணோடு கிடந்தால் கதை அங்கேயே உடைந்துவிடும். 2004இல் ரோம் நீதிமன்றம் மெடிசியைக் குற்றவாளி என்றது. அந்தப் படங்களோடு ஒத்துப்போனதால் ஏலத்துக்குச் சில நாள் முன்பு திரும்பப் பெறப்பட்ட பொருள்கள் பின்னாளிலும் உண்டு.